பெரியப்பாவின் ‘கேட்கல’ நோட்டு

அவலூர்பேட்டை தெரியுமா உங்களுக்கு? செஞ்சிக்கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். செஞ்சிப் பக்கம்தான். திருவண்ணாமலையும் தூரமில்லை. வாரச் சந்தை கூடுகிற நாளில் ஆடும் மாடும் ஆளுமாக ஊர் அல்லோலகல்லோலப்படும். மற்ற நாட்களில் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் அடங்கிவிடும்.

அடங்காத ஒரே வீடு எங்கள் பெரியப்பா வீடு. காரணம், அவருடைய வால்வு ரேடியோ! கூரையிலிருந்து பக்கத்துத் தென்னை மரம் வரை ஏரியல் கம்பி கட்டியிருப்பார். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, செட்டின் முன்னால் உட்கார்ந்தால் உலகமே மறந்துவிடும். இலங்கை, லண்டன், மாஸ்கோ, பீக்கிங், மணிலா... எங்கெங்கேயோ இருந்து தமிழ் பேசுகிற குரல்கள் அந்த முள் நகர நகர வரும், போகும். பாதி நேரம் வெறும் ‘கொர்ர்ர்’தான்.

அவரிடம் ஒரு பழக்கம். பக்கத்தில் ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருப்பார். தேதி, மணி, எத்தனையாவது மீட்டர், எந்த ஸ்டேஷன், வானம் எப்படி... எல்லாம் எழுதிக் கடைசிக் கட்டத்தில் ‘கேட்டது’ என்றோ ‘கேட்கல’ என்றோ முடிப்பார். பல பக்கங்களில் வரிசையாக ‘கேட்கல, கேட்கல, கேட்கல’ மட்டும்தான் இருக்கும்!

லீவுக்குப் போன நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “இன்னா பெரியப்பா, கேட்கலைன்னு எழுதறதுக்கு எதுக்கு ஒரு நோட்டு?”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கேட்டா கேட்டுதுன்னு எழுதறேன். கேட்கலைன்னா கேட்கலைன்னு எழுதறேன். உனுக்கு இன்னாடா அதுல கஷ்டம்?”

எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அந்த ‘கேட்கல’வுக்கு எவ்வளவு மதிப்பு என்று புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. புரிய வைத்தது நம் ஊட்டியில் இருக்கிற ஒரு டெலஸ்கோப்பும், பத்தாயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் செத்துப்போன ஒரு நட்சத்திரமும்!

* * *

முதலில் அந்தக் ‘கொர்ர்ர்’ சத்தத்தைப் பார்ப்போம். அதில் பெரும்பகுதி மின்னல், மோட்டார், டியூப்லைட் சமாச்சாரம். ஆனால், எல்லாமே அதுதானா?

1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞருக்கு இதைக் கண்டுபிடிக்கிற வேலை கொடுக்கப்பட்டது. அட்லான்டிக் கடலைத் தாண்டிப் போகிற ரேடியோ டெலிபோனில் இரைச்சல். எங்கிருந்து வருகிறது என்று பார்! அவர் சக்கரம் வைத்துச் சுற்றுகிற மாதிரி ஒரு பெரிய ஆன்டெனா கட்டினார். மின்னல் இரைச்சலைக் கழித்தார். மீதி ஒரு மெல்லிய ‘உஸ்ஸ்’ பாக்கி நின்றது. அது சூரியனோடு சேர்ந்து வரவில்லை. நட்சத்திரங்களோடு சேர்ந்து, தினமும் நாலு நிமிஷம் முன்னதாக வந்தது. வந்த இடம், நமது பால்வீதியின் நடுப்பகுதி இருக்கும் தனுசு ராசித் திசை! 1933-ல் ஜான்ஸ்கி இதை அறிவித்தார். வானத்துக்கும் ஒரு ரேடியோ உண்டு என்று மனிதனுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

வானிலிருந்து வரும் ரேடியோ அலையின் பலத்தை அளக்கிற அலகுக்கு இன்றைக்கும் ‘ஜான்ஸ்கி’ என்றுதான் பெயர். அது எவ்வளவு சின்னது தெரியுமா? நிலாவில் நின்று ஒருவர் சாதாரண செல்போனில் பேசினால், இங்கே வந்து சேருவது பத்து ஜான்ஸ்கிக்குக் குறையாது! விண்வெளி விஞ்ஞானிகள் தேடுவதோ அதில் ஆயிரத்தில், பத்தாயிரத்தில் ஒரு பங்கை. இந்த ‘ஜான்ஸ்கி’யை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

* * *

இப்போது ஊட்டிக்கு வாருங்கள். பொட்டானிக்கல் கார்டனுக்கு இல்லை. முத்தோரைக்கு!

1961-ல் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாலு இந்திய இளைஞர்கள் சேர்ந்து தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். ‘நாங்கள் திரும்பி வருகிறோம். ரேடியோ வானியல் செய்ய இடம் கொடுப்பீர்களா?’ என்பது சாராம்சம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்த ஹோமி பாபா, 1962-ல் தந்தி அடித்து ‘வாருங்கள்’ என்றார். அந்த நால்வரில் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963-ல் வந்து சேர்ந்தார்.

பணம் கம்மி. வெளிநாட்டுக்காரர்கள் கட்டுகிற மாதிரி பிரமாண்டமான கிண்ணத்தைக் கட்டி, அதை எல்லாத் திசையிலும் திருப்புகிற யந்திரம் வைக்கக் கட்டுப்படியாகாது. ஸ்வரூப் ஒரு குறுக்குவழி யோசித்தார். அசந்துபோவீர்கள்!

பூமி தன் அச்சில் சுற்றுவதால்தானே நட்சத்திரங்கள் நகருகிற மாதிரித் தெரிகிறது? ஒரு நீளமான தொட்டி மாதிரியான டெலஸ்கோப்பைப் பூமியின் அச்சுக்கு இணையாகப் படுக்க வைத்துவிட்டால், அதை ஒரே திசையில் மெல்ல உருட்டினால் போதும், நட்சத்திரத்தைத் தொடரலாம். அப்படிப் படுக்க வைக்க, வடக்கு தெற்காகச் சாய்ந்த ஒரு மலைச்சரிவு வேண்டும். சரிவின் கோணம் அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். நீலகிரியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. சர்வே வரைபடங்களையும் மலைகளையும் சல்லடை போட்டுத் தேடினார்கள். முத்தோரையில் அதே 11 டிகிரிச் சரிவு காத்துக்கொண்டிருந்தது!

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏறக்குறைய 4 ஏக்கர்! 24 பெரிய இரும்புச் சட்டங்கள். அவற்றின் மேல் கண்ணாடிக்குப் பதிலாக, அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத 1,100 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். வீணைக்குத் தந்தி கட்டுகிற மாதிரி கட்டினார்கள். முழுக்க முழுக்க நம் ஆட்களே வடிவமைத்து, இங்கேயே கட்டியது. 1966 ஜனவரியில் விமான விபத்தில் பாபா இறந்துபோனார். அவர் பார்க்காமலே, 1970-ல் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் வானத்தைக் கேட்க ஆரம்பித்தது. ஒரு நட்சத்திரத்தைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் அதனால் கேட்க முடியும்.

அது கேட்கும் அலைவரிசை 326.5 மெகாஹெர்ட்ஸ். பெரியப்பாவின் ரேடியோ மாதிரி முள்ளைத் திருப்பி ஊர் ஊராகப் போக முடியாது. அந்த ஒரே இடம்தான். ஆனால், அங்கே அதன் காது படுகூர்மை!

* * *

சரி, வானத்தில் யார் பேசுகிறார்கள்?

1930-ல் மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் படிப்பை முடித்த 19 வயது சந்திரசேகர், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்த நட்சத்திரம் ஓர் அளவுக்கு மேல் கனமாக இருந்தால், அது அமைதியாக அணைந்துபோக முடியாது, தன் கனத்திலேயே நொறுங்கும். அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பெரியவர்கள் முதலில் நம்பவில்லை. 1983-ல் நோபல் பரிசு வந்தது.

நொறுங்கினால் என்னவாகும்? அதற்கு ஒரு பதில்தான் நியூட்ரான் நட்சத்திரம். சூரியனைவிடக் கனமான சரக்கு, 20, 25 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடைந்துவிடும். நம்ம தாலுகாவுக்குள் அடங்கிவிடும்! அதில் ஒரு ஸ்பூன் எடுத்தால் எடை நூறு கோடி டன்னுக்குக் குறையாது.

1967 நவம்பரில் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோஸலின் பெல், ரேடியோ டெலஸ்கோப் கக்கிய காகிதச் சுருளில் ஒரு துடிப்பைப் பார்த்தார். டிக்... டிக்... டிக்... 1.337 நொடிக்கு ஒரு முறை, கடிகாரம் தோற்றுப்போகும். வேற்றுக்கிரகவாசியோ என்றுகூட விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள். கடைசியில், அது சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு நியூட்ரான் நட்சத்திரம்! கலங்கரை விளக்கம் சுழலுகிற மாதிரி, அதன் ரேடியோக் கற்றை நம்மைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ‘டிக்’. பெயர் பல்சர். இவை சமர்த்துப் பிள்ளைகள். சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி துடிக்கும்.

சமர்த்து இல்லாத பிள்ளை ஒன்று 1979-ல் வந்தது.

மார்ச் 5-ம் தேதி. நம் கடிகாரத்தில் இரவு 9 மணி 21 நிமிஷம். அவலூர்பேட்டையில் பெரியப்பா அநேகமாக ரேடியோ முன்னால்தான் இருந்திருப்பார். சோவியத் ரஷ்யாவின் வெனீரா 11, வெனீரா 12 என்ற இரண்டு விண்கலங்கள் வெள்ளிக் கிரக வேலையை முடித்துவிட்டு விண்வெளியில் மிதந்துகொண்டிருந்தன. அவற்றின் காமா கதிர்மானிகள் சாதாரணமாக நொடிக்கு 100 என்று காட்டும். கண் இமைப்பதற்குள் 2 லட்சத்தைத் தாண்டின! அடுத்தடுத்து பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்களும் திக்குமுக்காடின. பிறகு 8 நொடிக்கு ஒரு முறை, மூன்று நிமிஷத்துக்குத் துடிப்பு. திசையைக் கணக்கிட்டால், பக்கத்து விண்மீன் கூட்டமான பெரிய மெகல்லன் மேகம். சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரம்! அங்கிருந்து இப்படி அடிக்க எதனால் முடியும்?

1992-ல் ராபர்ட் டங்கன், கிறிஸ்டோபர் தாம்ஸன் என்ற இருவர் விடை சொன்னார்கள். காந்தம்! சில நியூட்ரான் நட்சத்திரங்கள் பிறக்கும்போதே பயங்கரமான காந்தமாகப் பிறந்துவிடுகின்றன. பூமியின் காந்தம் சுமார் அரை காஸ். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷின் 15,000 காஸ். பாக்கெட்டில் சாவிக்கொத்து இருந்தாலே உள்ளே விடமாட்டார்கள் இல்லையா? இந்த நட்சத்திரங்களின் காந்தம், 1 போட்டுப் பின்னால் 14 பூஜ்யம் போடுங்கள், அவ்வளவு காஸ்! அதற்கு மேலும் உண்டு. அந்தக் காந்தத்தின் முறுக்கில் நட்சத்திரத்தின் மேலோடே வெடித்துப் பிளக்கும். ‘மாக்னட்டார்’ என்று பெயர் வைத்தார்கள். 1998-ல் கிரிஸ்ஸா குவெல்யோட்டு என்ற பெண் விஞ்ஞானியின் குழு ஒரு மாக்னட்டாரின் சுழற்சி வேகம் குறைவதை அளந்து, காந்தக் கதை நிஜம்தான் என்று காட்டியது.

அதே மாக்னட்டார்தான் 2004 டிசம்பரில் கத்தியது. நமக்கு மறக்காத மாதம். 26-ம் தேதி காலை சுனாமி. மரக்காணம், கடலூர், நாகப்பட்டினம் என்று கரையெல்லாம் ஜனங்கள் தம் மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். 28-ம் தேதி விடியற்காலை 3 மணிக்கு, நமக்குக் காலடியில், பூமியின் மறுபக்கம், பசிபிக் கடல் மேல் அந்தக் காமா வெள்ளம் வந்து மோதியது. சூரியன் பல்லாயிரக்கணக்கான வருஷங்கள் கொடுக்கிற சக்தி, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள்! நமது வளிமண்டலத்தின் மேலடுக்கே கலைந்தது. நிலாவில் பட்டுத் தெறித்த எதிரொலியைக்கூட ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்று பதிவு செய்தது. சுனாமிக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டுச் சிலர் பேசினார்கள். நிலநடுக்கத்துக்கு 44 மணி நேரம் கழித்து வந்தது அதற்கு எப்படிக் காரணமாகும்? சம்பந்தமே இல்லை.

* * *

இப்போதுதான் நம் கதைக்கு வருகிறோம். இத்தனை ஆர்ப்பாட்டமும் காமா கதிரிலும் எக்ஸ் கதிரிலும்தான். ரேடியோவில்?

மௌனம்.

பல்சர்கள் எல்லாம் ரேடியோவில் டிக் டிக் என்று துடிக்க, அவற்றின் முரட்டு அண்ணன்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. எத்தனையோ டெலஸ்கோப்புகள் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தன. ‘அவ்வளவு காந்தம் இருந்தால் ரேடியோ வராது’ என்று கோட்பாடுகூட எழுதினார்கள். (ஒன்று கிடைக்காவிட்டால் அது ஏன் கிடைக்காது என்று சொல்ல ஆட்கள் வந்துவிடுவார்கள்!)

2006-ல் அந்தக் கோட்பாடு ஆட்டம் கண்டது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் டெலஸ்கோப்பில் ஃபெர்னாண்டோ கமிலோ குழுவினர் ‘எக்ஸ்.டி.இ. ஜே 1810-197’ என்ற மாக்னட்டாரைக் கேட்டார்கள். 5.54 நொடிக்கு ஒரு டிக்! மாக்னட்டார் பேசுகிறது! ஆனால், பல்சர் மாதிரி சமர்த்தாக இல்லை. இன்றைக்கு ஒரு குரல், நாளைக்கு ஒரு குரல். 2008 கடைசியில் திடீரென்று வாயை மூடிக்கொண்டது. பத்து வருஷம் மௌனவிரதம்! 2018 டிசம்பரில் மறுபடி பேச ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில் புனே பக்கத்தில் கோடத் கிராமத்தில் இருக்கும் நமது ஜி.எம்.ஆர்.டி. டெலஸ்கோப்பும் அதைக் கேட்டது. 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள். அதுவும் ஸ்வரூப் குழுவின் பிள்ளைதான்.

ஆக, ஒன்று தெளிவாயிற்று. மாக்னட்டாரிடம் ஒரு தடவை காதை வைத்துவிட்டு ‘இது ஊமை’ என்று எழுந்து போகக் கூடாது. திரும்பத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்காத நாளையும் குறித்து வைக்க வேண்டும்.

2014 ஜூலை 5. ஸ்விஃப்ட் என்ற செயற்கைக்கோள் புதிதாக ஒரு மாக்னட்டாரைக் கண்டுபிடித்தது. பெயர், எஸ்.ஜி.ஆர். 1935+2154. சுழற்சி 3.24 நொடி. ஊட்டி டெலஸ்கோப்பும் ஜி.எம்.ஆர்.டி.யும் அதன் பக்கம் திரும்பின. மயூரேஷ் சுர்னிஸ், பால் சந்திர ஜோஷி முதலிய விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த வேலை.

எப்படித் தேடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவலூர்பேட்டைச் சந்தைக்கே போவோம். நூறு பேர் கத்துகிறார்கள், மாடு கத்துகிறது, லாரி ஹாரன் அடிக்கிறது. அந்த அமளியில் ஒரு மூலையில் ஒரு சின்ன மணி, சரியாக 3.24 நொடிக்கு ஒரு தடவை, மெதுவாக அடிக்கிறது. காதுக்குக் கேட்காது. ஆனால், அந்தச் சத்தம் முழுவதையும் டேப்பில் பதிவு செய்துகொண்டு, டேப்பை 3.24 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால்? ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் துண்டு. மாட்டுச் சத்தமும் ஹாரனும் ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு இடத்தில் விழுவதால் சராசரியாகி மங்கிவிடும். மணிச்சத்தம் மட்டும் எல்லாத் துண்டிலும் ஒரே இடத்தில் விழும். அடுக்க அடுக்க உயர்ந்து நிற்கும்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நட்சத்திரங்களுக்கு நடுவில் தூவிக்கிடக்கும் எலெக்ட்ரான்களின் ஊடே வரும்போது, தாழ்ந்த அதிர்வெண் அலை கொஞ்சம் தாமதமாக வரும். ஒரே நேரத்தில் புறப்பட்ட டிக், இங்கே வரும்போது இழுபட்டுக் கோணலாகிவிடும். அந்தக் கோணலை நிமிர்த்த வேண்டும். எவ்வளவு கோணல் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒவ்வொரு அளவாக நிமிர்த்திப் பார்க்க வேண்டும். இது தவிர, தனியாக ஒரே ஒரு தடவை ‘பட்’டென்று வெடிக்கிறதா என்றும் தேட வேண்டும்.

இத்தனையும் செய்தார்கள். பலன்?

கேட்கல!

2016-ல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சும்மா ‘ஒன்றும் இல்லை’ என்று அல்ல. பத்து மில்லி நொடி அகலத்தில் ஒரு வெடிப்பு வந்திருந்தால், ஊட்டியின் அலைவரிசையில் அது அரை ஜான்ஸ்கிக்கு மேல் இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் பிடித்திருப்போம். இதுதான் அந்த ‘கேட்கல’வின் முழு அர்த்தம். எந்த நாள், எந்த அலைவரிசை, எந்த அளவுக்கு மேல் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ‘கேட்கல’ என்பது ஒரு செய்தி. இல்லாவிட்டால் அது வெறும் கைவிரிப்பு.

போர்ட்டோ ரிக்கோவில் அப்போது இருந்த பிரமாண்டமான அரெசிபோ டெலஸ்கோப்பும் தேடியது. அதற்கும் கேட்கவில்லை.

* * *

இங்கே ஒரு கிளைக்கதை. 2007-ல் டங்கன் லோரிமர் குழுவினர், பார்க்ஸில் 2001-ல் பதிவு செய்து வைத்த பழைய தகவல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் சில மில்லி நொடியே நீடித்த ஒரு பலத்த ரேடியோ வெடிப்பு. ஆறு வருஷமாக யாரும் கவனிக்காமல் அலமாரியில் கிடந்திருக்கிறது! பிறகு அதேபோல் நிறையக் கிடைத்தன. எல்லாமே நம் பால்வீதிக்கு வெளியே, கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால். எது வெடிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. யூகங்கள் மட்டும் வண்டி வண்டியாக!

2020 ஏப்ரல் 28. ஊரடங்கு. நீங்களும் நானும் வீட்டுக்குள். இரவு 8 மணி 4 நிமிஷம்.

கனடாவில் ‘சைம்’ என்ற டெலஸ்கோப் ஓரக்கண்ணால் ஒரு வெடிப்பைப் பிடித்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவிலும் யூட்டாவிலும் கிறிஸ்டோபர் போச்செனெக் என்ற ஆராய்ச்சி மாணவர் பொருத்தியிருந்த சின்னஞ்சிறு ஆன்டெனாக்களும் அதையே பிடித்தன. குழாயைச் சுற்றிக் கேக் செய்கிற தகர டின்னை மாட்டிச் செய்த ஆன்டெனா அது, நிஜமாகவே! அளவு? சைம் கணக்கில் உச்சத்தில் ஒரு லட்சம் ஜான்ஸ்கிக்கு மேல்! உங்கள் செல்போனின் 4ஜி ரிசீவர்கூட, எங்கே எப்படிப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால், பிடித்திருக்கும் என்றார்கள்.

வந்த இடம்?

எஸ்.ஜி.ஆர். 1935+2154. ஊட்டியில் ‘கேட்கல’ என்று எழுதி வைத்தார்களே, அதே நட்சத்திரம்!

அந்த மர்ம வெடிப்புகளில் சிலவற்றையாவது மாக்னட்டார்கள்தான் உண்டாக்குகின்றன என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி அதுதான். ஐயோ, நம் ஆட்கள் கோட்டைவிட்டுவிட்டார்களா என்று கேட்பீர்கள். அந்த நிமிஷத்தில் அந்த நட்சத்திரம் நம் ஊர் வானத்தில் உதிக்கவே இல்லை. உதிக்க இன்னும் சுமார் மூன்று மணி நேரம் பாக்கி. பூமியே மறைத்துக்கொண்டு நிற்கும்போது யார் என்ன செய்ய முடியும்?

ஆனால், நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன். யோசித்துப் பாருங்கள். 2020-ல் அது கத்தியதும் உலகமே கேட்ட கேள்வி, ‘இது எப்போதும் இப்படித்தானா?’ இல்லை என்று சொல்ல ஏதாவது ஆதாரம் வேண்டாமா? ஊட்டியின் பழைய கட்டுரை இருந்தது. அலைவரிசை வேறு, கேட்ட நேரம் வேறு, உண்மைதான். இருந்தாலும் ஒரு பக்கம் அரை ஜான்ஸ்கிகூட இல்லை, இன்னொரு பக்கம் லட்சத்துக்கு மேல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த நட்சத்திரத்தின் குணம் புரிகிறது. அதே 2020 அக்டோபரில் சீனாவின் ஃபாஸ்ட் டெலஸ்கோப், 13 நாட்களில் 795 மெல்லிய துடிப்புகளை அதனிடமிருந்து கேட்டது. மௌனம், கூச்சல், முணுமுணுப்பு. மூன்றும் சேர்ந்ததுதான் அதன் வரலாறு. முதல் அத்தியாயம் ஒன்றுமே இல்லாத அத்தியாயம். அதில் ஒரு பகுதி நம் நீலகிரியில் எழுதப்பட்டது.

கோவிந்த் ஸ்வரூப் 2020 செப்டம்பர் 7-ம் தேதி, 91 வயதில் காலமானார்.

* * *

நம் ஊர்ப் பக்கம் வரலாறு என்றால் ஜெயித்தவன், தோற்றவன். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார், 1698-ல் முகலாயர் பிடித்தனர், 1750-ல் பிரெஞ்சுக்காரன், 1761-ல் இங்கிலீஷ்காரன் என்று மனப்பாடம் செய்வோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில்கூட செஞ்சிக்கோட்டை ஏறிவிட்டது. ஆனால் 1690 முதல் 1698 வரை எட்டு வருஷம் நடந்த முற்றுகையில், ஒன்றுமே நடக்காத ராத்திரிகள் எத்தனை இருந்திருக்கும்! ராஜகிரி உச்சியில் காவல் இருந்தவன், ‘இன்றைக்கு யாரும் வரவில்லை’ என்று இறங்கி வந்து சொல்லியிருப்பான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கீழே ஊர் தூங்கியிருக்கும். அவன் பெயர் எந்தக் கல்வெட்டில் இருக்கிறது?

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

சூரியனில் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 வருஷத்துக்கு ஒரு முறை கூடும், குறையும். குறைகிற காலத்தில் நம் மேல்வானத்து அயனி மண்டலம் பலவீனமாகி, 13 மீட்டர், 16 மீட்டர் சிற்றலைகள் திரும்பி வராமல் விண்வெளிக்கு ஓடிவிடும். 1986-ஐ ஒட்டி அப்படி ஒரு தாழ்வு. இதை நான் படித்தது ரொம்ப வருஷம் கழித்து. படித்ததும் பகீரென்றது. அந்த வருஷங்களில்தான் பெரியப்பாவின் நோட்டில் பக்கம் பக்கமாக ‘கேட்கல’! செட் கெட்டுப்போய்விட்டது என்று நாங்கள் கேலி செய்ய, அவரும் நம்பி இரண்டு தடவை வால்வு மாற்றினார். கெட்டது செட் இல்லை. ஒன்றும் தெரியாமலே அந்த மனுஷன், அவலூர்பேட்டைத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, சூரியனின் நாடித்துடிப்பை எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்!

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போனேன். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பெரியம்மா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இருந்தாள்.

“பெரிம்மா, பெரியப்பா நோட்டெல்லாம் எங்க?”

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லோ பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்டா. ஏன், இன்னாத்துக்கு?”

நான் சொன்னேன். சூரியன், கரும்புள்ளி, எல்லாம். பெரியம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு, தப்புப் பண்ணிவிட்ட குழந்தை மாதிரி மெதுவாகக் கேட்டாள்:

“அதுல ஒண்ணுமே இல்லியேடா... பூரா கேட்கல, கேட்கலன்னுதானே எழுதியிருந்துச்சு?”